ஒற்றைக் குக்கரில் உளுந்தஞ்சோறு

மூடியைத் திறந்த அந்த நொடியை இதுவரை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் தெரியுமா? அலுவலகத்தில் சொன்னேன், டீக்கடையில் சொன்னேன், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத பெரியவரிடம் சங்கரன்கோவில் வந்து சேரும்வரை சொன்னேன், மாயவரத்தில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டு ஒரே ராத்திரியில் இரண்டு தடவை சொன்னேன். இப்போது உங்கள் முறை. உட்காருங்கள். பசியோடு இருந்தால் இன்னும் நல்லது.

திருவேங்கடம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவிலுக்கு அந்தப் பக்கம், நாலாபுறமும் கரிசல் காடு விரிந்து கிடக்கிற ஒரு தாலுகா ஊர். காவேரிக் கரையில் வாய்க்காலும் வயலுமாகப் பார்த்து வளர்ந்த எனக்கு, வேலை கிடைத்து இங்கே வந்து இறங்கிய முதல் நாள் அந்தக் கறுத்த மண்ணைப் பார்த்ததும் யாரோ பூமியையே தீய்த்துவிட்டார்கள் என்றுதான் தோன்றியது. அந்த மண்ணுக்குள் இத்தனை ருசி ஒளிந்து கிடக்கும் என்று அப்போது யார் கண்டது!

எனக்குக் கிடைத்தது ஒரு மாடி அறை. ஒரு ஜன்னல், ஒரு கட்டில், கனமான சாமான் செருகுகிற மாதிரி ஒரே ஒரு பிளக் பாயிண்ட். கேஸ் சிலிண்டர் ஏற்றக்கூடாது என்பது வீட்டுக்காரர்கள் போட்ட நிபந்தனை. ஆகவே ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கினேன். ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய அலுமினியக் குக்கரை ஆசையாக அதன்மேல் வைத்தால் அது கீங் கீங் என்று கத்திவிட்டு அணைந்துபோனது. அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரமாக இருந்தால்தான் அந்த அடுப்பு ஏற்றுக்கொள்ளும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அப்புறம் மூன்று லிட்டரில் ஒரு எவர்சில்வர் குக்கர் வாங்கினேன். ஒரு கத்தி, ஒரு கரண்டி, இரண்டு டம்ளர், ஒரு தட்டு. என் அடுக்களை முழுவதும் இவ்வளவுதான். மிக்ஸி கிடையாது, ஃப்ரிட்ஜ் கிடையாது, தோசைக்கல் கிடையாது, தாளிக்கிற கரண்டிகூடக் கிடையாது.

இந்தச் சாமான்களை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் முதல் இரண்டு மாதம் ராத்திரிக்கு ராத்திரி புரோட்டா. நெல்லைச் சீமையின் புரோட்டாவும் சால்னாவும் எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும், அதைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனால் தினமும் தின்றால்? நெஞ்செரிச்சல், மூன்றாவது படியிலேயே மூச்சு வாங்குதல், மாதக் கடைசியில் பையில் நூறு ரூபாய்கூட மிஞ்சாத நிலைமை. சரி, நாமே பொங்குவோம் என்று வெறும் சோறு பொங்கி ஊறுகாயைத் தொட்டுக்கொள்ள ஆரம்பித்தேன். ஒரு நாள் தேங்காய்த் துவையலுக்கு ஆசை வந்தது. மிக்ஸி இல்லையே. மேலிருந்து எட்டிப் பார்த்தால் வீட்டின் பின்பக்கம், முருங்கை மரத்தடியில், ஒரு அம்மி.

என் வாழ்க்கை திரும்பிய இடம் அந்த அம்மிதான். சிரிக்காதீர்கள், நிஜமாகச் சொல்கிறேன்.

அம்மி வீட்டுக்காரர்களின் ஆச்சிக்குச் சொந்தம். தயங்கித் தயங்கிப் போய்க் கேட்டேன். வாழ்நாளில் பாதியைத் தீப்பெட்டி ஆபீசில் கழித்த கை அவருடையது. என் தட்டையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"எய்யா, தெனமும் வெறுஞ்சோத்தத்தான் பொங்கித் திங்கியா?"

"ஆமா ஆச்சி. ஒரே ஒரு குக்கர்தான் இருக்கு."

"ஒரு குக்கர் பத்தாதா? ஒரு சட்டியில பொங்கித்தான எட்டுப் புள்ளைய வளத்தோம். உளுந்தஞ்சோறு பொங்கத் தெரியுமா ஒனக்கு?"

தெரியாது. எங்கள் பக்கம் உளுந்து என்றால் இட்லிக்கும் வடைக்கும்தான். சோற்றோடு சேர்த்து, அதுவும் கறுப்புத் தோலோடு வேகவைப்பார்கள் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. நெல்லைச் சீமையில் பெண்பிள்ளை பெரியவளானால் இடுப்புக்கு வலு வேண்டுமென்று இதைப் பொங்கிக் கொடுப்பார்களாம். "அப்போ இது பொம்பளப் பிள்ளைகளுக்குள்ளதா ஆச்சி?" என்று கேட்டேன். "வயிறு இருக்க எல்லாருக்கும் உள்ளதுதான்" என்றார்.

இப்போது கவனமாகக் கேளுங்கள், ஒரு எழுத்தும் விட்டுப்போகக் கூடாது. ஒரு டம்ளர் புழுங்கலரிசி. 2011-லிருந்து தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு இலவசமாகக் கிடைக்கிறதே, அந்த ரேஷன் அரிசியே போதும், ஆச்சி வீட்டில் அதுதான். அரை டம்ளர் தோலுளுந்து, உடைத்தது. இருபது பல் பூண்டு. ஆமாம், இருபது, கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். ஒரு கரண்டி வெந்தயம், கொஞ்சம் சீரகம், அரை மூடித் தேங்காய்த் துருவல், உப்பு. ஐந்து டம்ளர் தண்ணீர். முதலில் வெறும் குக்கரை அடுப்பில் வைத்து, சூட்டைக் குறைத்து, துவையலுக்கான எள்ளைப் போட்டுப் பொரியவிடுங்கள். படபடவென்று வெடித்துக் கையில் தெறிக்கும், தெறிக்கட்டும். அதைத் தட்டில் கொட்டிவிட்டு அதே குக்கரில் நாலு காய்ந்த மிளகாய் வறுபடட்டும். அதையும் எடுத்துவிட்டு அதே குக்கரில் உளுந்தைப் போட்டுக் கிளறுங்கள். இரண்டாவது நிமிஷம் ஒரு வாசனை வரும் பாருங்கள், புது மண்சட்டியைச் சுட்ட மாதிரி, கோயில் பிரகாரத்தில் வடைமாலை கோக்கிற மாதிரி, இரண்டும் கலந்த மாதிரி. அந்த வாசனை அறையை நிறைத்து, படியில் இறங்கி, தெருவுக்கே போய்விடும். அதன் தலையில் அரிசி, பூண்டு, வெந்தயம், சீரகம், தேங்காய், உப்பு, தண்ணீர். மூடு. ஐந்து விசில். தனித்தனிச் சட்டி எதற்கு? வறுப்பதும் வேகவைப்பதும் பரிமாறுவதும் எல்லாமே அந்த ஒரே பாத்திரத்தில்!

விசில் வருகிற நேரத்தில் நான் எங்கே இருந்தேன்? அம்மியடியில். வறுத்த எள், மிளகாய், ஒரு துண்டுப் புளி, இரண்டு பல் பூண்டு, ஒரு பிடி தேங்காய், உப்பு. குழவியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்ததும் எள்ளெண்ணெய் கசிந்து கல்லெல்லாம் மினுமினுத்தது. மிக்ஸியில் அரைத்தால் மாவாகிவிடுகிற எள், அம்மியில் பாதி நசுங்கியும் பாதி நசுங்காமலும் நிற்கிறது. பல்லில் கடிபடுகிற அந்தப் பாதிதான் விஷயமே. "போதும்யா, போதும், கல்லையும் சேத்து அரைச்சிருவ போல" என்று ஆச்சி கையைத் தட்டிவிட்டார். ஐந்தாவது விசில் மேலேயிருந்து கேட்டது. படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடினேன்.

ஆவி அடங்கும்வரை குக்கரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நின்றேன் என்றா சொன்னேன்? அறைக்குள்ளேயே நடந்தேன், உட்கார்ந்தேன், எழுந்தேன், வெயிட்டைத் தொட்டுப் பார்த்துச் சுட்டுக்கொண்டேன். அப்புறம் திறந்தேன். ஐயோ! நினைத்துப் பாருங்கள்: கொழகொழவென்றும் இல்லாமல் உதிரியாகவும் இல்லாமல், குழைந்து நெகிழ்ந்த சாம்பல் நிறச் சோறு, அதில் கறுப்புக் கறுப்பாய் உளுந்தின் தோல், நடுநடுவே வெண்ணெய்க் கட்டி மாதிரி வெந்து கிடக்கிற பூண்டு, தேங்காயின் பால் ஊறி ஓரத்தில் பளபளக்கிறது, முகத்தில் அடிக்கிற ஆவியில் வெந்தயத்தின் இளங்கசப்பு. அந்த அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை, இருந்தும் "வந்துருச்சு, வந்துருச்சு!" என்று சத்தமாகவே சொன்னேன். தட்டில் போட ஆசைதான், பொறுமை இல்லை. குக்கரிலேயே நல்லெண்ணெயை ஒரு கரண்டி ஊற்றி, எள்ளுத் துவையலை ஓரத்தில் உருட்டி வைத்து, சுடச்சுட ஒரு வாய். முதலில் துவையலின் காரமும் புளிப்பும் நாக்கை அடிக்கின்றன, உடனே உளுந்து வந்து அதைப் பட்டு மாதிரி போர்த்துகிறது, பூண்டு நாக்கிலேயே கரைகிறது, எள் ஒன்றிரண்டு பல்லுக்கிடையில் நறுக்கென்று உடைகிறது, நல்லெண்ணெய் எல்லாவற்றையும் வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் இறக்குகிறது, வயிற்றில் போய் விழுகிற இடம்கூடத் தெரிகிறது, வெதுவெதுப்பாக, கனமாக, யாரோ முதுகைத் தடவிக் கொடுப்பது போல. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிளகாய்க் காரம் கொஞ்சம்தான் காரணம். வீட்டைவிட்டு வந்த இத்தனை நாளில் எனக்காக யாரோ சமைத்துப் போட்டது போல இருந்தது, சமைத்தவன் நானேதான் என்றாலும்!

கணக்குப் போட்டுப் பார்த்தபோது மறுபடியும் துள்ளினேன். அரிசி பத்து ரூபாய், உளுந்து பன்னிரண்டு, பூண்டு, தேங்காய், எள், எண்ணெய் எல்லாம் சேர்த்து அன்றைய விலைக்கு ஐம்பத்தைந்து ரூபாய்க்குள் முடிந்துவிட்டது, அதுவும் இரண்டு வேளைக்கு! உளுந்தில் 100 கிராமுக்குச் சுமார் 22 கிராம் புரதம். அரிசியும் எள்ளும் தருவதையும் கூட்டினால் ஒரு வேளைக்கு இருபது கிராம் வந்துவிடுகிறது, ஏறக்குறைய மூன்று முட்டைக்குச் சமம். அதோடு இன்னொன்று. பயறு வகையில் லைசின் என்கிற அமினோ அமிலம் நிறைய, மெத்தியோனின் குறைவு. அரிசியில் லைசின் குறைவு, மெத்தியோனின் பரவாயில்லை. எள்ளில் மெத்தியோனின் தாராளம். ஆக உளுந்தில் குறைவதை அரிசியும் எள்ளும் நிரப்புகின்றன, அரிசியில் குறைவதை உளுந்து நிரப்புகிறது. இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. எந்த ஆய்வுக்கூடமும் சொல்லாமல், உளுந்தஞ்சோற்றுக்கு எள்ளுத் துவையல்தான் ஜோடி என்று இந்த ஊர்ப் பெண்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? நாக்கை வைத்தா? பிள்ளைகள் வளர்ந்ததைப் பார்த்தா? ஆச்சியிடம் கேட்டேன். "அது சேரும்யா, அதான்" என்றார்.

ஒரு குக்கர் இவ்வளவு செய்யுமென்றால் வேறென்னவெல்லாம் செய்யும் என்று எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. அடுத்தது கம்பு.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், கம்பைப் பற்றி அவசரமாகப் பேச என்னால் முடியாது. இந்தக் கரிசலில் ஆச்சி சிறுபிள்ளையாக இருந்த காலத்தில் நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். மற்ற நாளெல்லாம் கம்பும் சோளமும் குதிரைவாலியும். மழையை நம்பி விதைக்கிற மானாவாரிப் பூமி. மானாவாரிப் பயிர்களை ஆராய்வதற்காகவே பக்கத்துக் கோவில்பட்டியில் 1901-லிருந்து ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தபோது நகரத்துக் கடைகளில் கம்பு பளபளப்பான பொட்டலத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இங்கேயோ அது மாவு மில்லில் சாக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, "குருணையா உடைச்சித் தரட்டா தம்பி?" என்று கேட்டு அள்ளிப் போடுகிற சாதாரணச் சாமான். தீட்டிய வெள்ளை அரிசியில் 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம் இரும்புச்சத்துகூட இல்லை. கம்பில் ஆறு மில்லிகிராமுக்கு மேல். புரதமும் அரிசியைவிட அதிகம்.

என்னைப் போல ஃப்ரிட்ஜ் இல்லாதவனுக்காகவே படைக்கப்பட்டது கம்பங்கூழ். ராத்திரி ஒரு பங்கு கம்புக் குருணைக்கு நாலு பங்கு தண்ணீர், உப்பு, குக்கரில் நாலு விசில். ஆறியதும் உருண்டை பிடித்து மண் கலயத்துத் தண்ணீரில் போட்டு மூடி வைத்துவிட வேண்டியது. ராத்திரி முழுக்க அது தானாகவே லேசாகப் புளித்துக்கொண்டிருக்கும், நாம் தூங்கலாம். காலையில் ஒரு உருண்டையை எடுத்து, மோர் ஊற்றி, கையாலேயே கரைத்து, சின்ன வெங்காயத்தைத் தட்டிப் போட்டு, மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டு ஒரு மடக்கு. பங்குனி வெயில் எட்டு மணிக்கே தலையில் ஏறி நிற்கிறது, கரிசல் வெடித்துக் கால் நுழைகிற அகலத்துக்குப் பிளந்து கிடக்கிறது, தார்ச்சாலையில் கானல் ஓடுகிறது. அந்த நேரத்தில் மண் கலயத்தில் குளிர்ந்த கூழ் நெஞ்சு வழியாக இறங்குவதை நினைத்துப் பாருங்கள்! உள்ளங்கால்வரை குளிர்கிறது, சத்தியமாக. ஒரு டம்ளர் போதும் என்று நினைத்துக் குடிக்க ஆரம்பிப்பேன், இரண்டாவது உருண்டைக்குக் கை தானாகப் போய்விடும். மதியம் ஒன்றரை மணிவரை பசி எட்டிப் பார்க்காது. ஒரு நாள் கூழ்க் கலயத்தை அப்படியே அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் மேஜைமேல் வைத்துவிட்டேன். எல்லோரும் பார்த்தார்கள். பதினோரு மணிக்குக் கலயம் காலி. நான் குடித்தது பாதிதான், மீதியை ஆளுக்கொரு டம்ளர் நீட்டி வாங்கிக்கொண்டார்கள்.

மற்றதெல்லாம் ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். ஆச்சி வீட்டு முருங்கையில் ஒரு கொப்பு ஒடித்தால் காசே இல்லாமல் கீரை: உளுந்தஞ்சோற்றையோ பருப்புச்சோற்றையோ குக்கரில் திறந்தவுடன் உருவிய கீரையை மேலே தூவி, வெயிட் போடாமல் ஐந்து நிமிஷம் மூடி வைத்தால் அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும், பச்சை நிறம்கூடப் போகாது. பாசிப்பயறை ஊறவைத்து ஈரத்துணியில் கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டால் மறுநாள் வெள்ளை வால் முளைத்துச் சிரிக்கும். எலுமிச்சையும் உப்பும் போதும், அடுப்பே வேண்டாம். எலுமிச்சைக்கா பஞ்சம், பக்கத்திலேயே புளியங்குடி இருக்கிறதே! காணம் என்கிற கொள்ளுப் பயறை வறுத்து அம்மியில் வைத்தால் ஒரு துவையல், மழைநாளில் அதற்கு ஈடு கிடையாது. பச்சை நிலக்கடலை வருகிற காலத்தில் உப்புப் போட்டு நாலு விசில். சாயங்காலம் ஏதாவது கொறிக்க வேண்டுமென்றால் கோவில்பட்டிக் கடலைமிட்டாய், 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே மிட்டாய், கடலையும் வெல்லமும்தானே, குற்ற உணர்ச்சியே இல்லாமல் இரண்டு தின்பேன். சரி, மூன்று.

குறை ஏதாவது சொல்லியே ஆக வேண்டுமா? உளுந்தஞ்சோற்றை ராத்திரி அளவு தெரியாமல் தின்றால் கொஞ்சம் கனக்கும், ஒரு நடை நடந்துவிட்டு வந்தால் தீர்ந்தது. அம்மியில் அரைத்துப் பழகாத தோள் முதல் வாரம் வலிக்கும். அடிப்பிடித்த குக்கரைத் தேய்ப்பது ஒரு வேலைதான், ஆனால் தேய்க்க வேண்டியதும் அந்த ஒன்றுதானே!

போன தையில் இந்த வருஷத்துப் புது உளுந்து வந்தது. ஐப்பசி மழையில் விதைத்து, பனியிலேயே காய்த்து, களத்தில் அடித்துக் காயவைத்த உளுந்து, இன்னும் மண் வாசனை போகாதது. ஆச்சி தன் பங்கிலிருந்து ஒரு உழக்கு அளந்து முறத்தில் புடைத்து என் கையில் கொடுத்தார். காசு நீட்டினேன், கையைத் தட்டிவிட்டார். அதை உடைத்து, பொங்கி, முதல் கரண்டியைச் சொம்பில் போட்டுக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆச்சி வாயில் வைத்தார். மெல்லுகிறார், மெல்லுகிறார், ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது, பரீட்சை முடிவுக்கு நிற்கிற பையன் மாதிரி படியிலேயே நின்றேன். கடைசியில் "வெந்தயம் ஒரு சிட்டிகை கொறைச்சிருக்கலாம்" என்றார், சொம்பைத் திரும்ப நீட்டி, "இன்னொரு அகப்பை வையி" என்றார். இன்னொரு அகப்பை! அம்மாவுக்கு அன்றைக்கு மூன்று தடவை போன் போட்டேன்.

வருகிற மாதம் ஊருக்குப் போகிறேன். பையில் துணிமணி ஒரு ஓரமாகத்தான். நடுவில் இரண்டு கிலோ தோலுளுந்து, ஒரு கிலோ எள், மில்லில் உடைத்த கம்புக் குருணை. அம்மா குக்கர் தயாராக வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டாள், அம்மி எங்கே என்றுதான் தேடிக்கொண்டிருக்கிறாளாம், கொல்லையில் எங்கோ துணி துவைக்கிற கல்லாகக் கிடந்ததே அது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இங்கே அடுப்பில் இரண்டு விசில் வந்துவிட்டது. கீழேயிருந்து ஆச்சியின் குரல்.

"எய்யா, எள்ளு வறுத்துட்டியா? அம்மிய கழுவி வச்சிருக்கேன், சீக்கிரம் எறங்கு!"

வந்துவிட்டேன் ஆச்சி!